வெர்னியர் பார்த்த தஞ்சாவூர்

தஞ்சாவூரில் குடியிருப்பவர்களுக்கு முகூர்த்த மாதங்கள் எல்லாமே விருந்தாளி மாதங்கள்தான். கல்யாணம் என்னவோ கும்பகோணத்தில் இருக்கும், மன்னார்குடியில் இருக்கும், பட்டுக்கோட்டையில்கூட இருக்கும். "வந்தது வந்தோம், பெரிய கோயிலையும் ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிடலாம்" என்று வந்து இறங்குவது நம் வீட்டு வாசலில். சொந்தக்காரர்கள் என்றால் பிரச்சினை இல்லை. கோயிலைக் காட்டி, ஆளுக்கொரு தலையாட்டி பொம்மை வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. கல்லூரித் தோழன் வருகிறான் என்றால்தான் முழு நாள் லீவு சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தக் கல்லூரித் தோழர்களில் ஒரு வகை உண்டு. ஊரைப் பற்றிய முடிவுகளையெல்லாம் எழுதி, அடியில் கோடும் போட்டுவிட்டுத்தான் புறப்படுவார்கள். சுற்றிப் பார்ப்பது அதற்குப் பிறகு நடக்கும் ஒரு சம்பிரதாயம், அவ்வளவே. எங்கள் வகுப்பில் அந்த வகைக்குத் தலைமகன் வெர்னியர்.

இது வீட்டில் வைத்த பெயர் அல்ல. திருச்சியில் நாங்கள் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்த வருஷம், முதல் லேப். வெர்னியர் காலிப்பரை வைத்து ஓர் உருளையின் விட்டத்தை அளக்க வேண்டும். எல்லோரும் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு எந்தக் கோடு எந்தக் கோட்டோடு பொருந்துகிறது என்று தேடிக்கொண்டிருக்க, இவன் கருவியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்காமலே எல்லா ரீடிங்கும் எழுதி, சராசரியும் போட்டு, கையெழுத்துக்கு நீட்டிவிட்டான். சீனியர் ஒருவருடைய ரெக்கார்டு நோட்டு உபயம். துரதிர்ஷ்டம், அந்த வருஷம் புது உருளை வாங்கியிருந்தார்கள். பேராசிரியர் நோட்டையும் உருளையையும் மாறி மாறிப் பார்த்தார். வெர்னியர் அசரவில்லை.

"ரீடிங் எல்லாம் சரிதான் சார். உருளைதான் மாறியிருக்கு."

இப்போது அவன் ஒசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் மேலாளர். அங்கே என்ன தயாரிக்கிறார்கள் என்று கேட்டேன். லாரிக்கு பிரேக் சம்பந்தமான ஏதோ ஒரு பாகம் என்றான். அன்றிலிருந்து லாரி வரும்போது நான் சாலையை விட்டு இறங்கி, கொஞ்சம் தள்ளியே நிற்கிறேன்.

தை மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவன், மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டான். என் மனைவி காபி கொடுத்தாள். தம்ளரைக் கையில் வாங்கி, வாயில் வைப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது.

"என்ன சொல்லுங்க சிஸ்டர், கும்பகோணம் காபி டேஸ்ட் வேற எங்கயும் வராது."

"இதுவும் கும்பகோணத்துத் தூள்தாண்ணே. மாசா மாசம் அங்கேருந்துதான் வருது."

ஒரு வாய் குடித்தான். "அதான் பாத்தேன். வர்ற வழியில மணம் போயிருக்கு."

இட்லிக்கு நடுவே சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தான். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல். பெரிய கோயில், அரண்மனை, சரஸ்வதி மகால், திருவையாறு, கல்லணை, தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம். ஏழுக்கும் நேராக டிக் அடித்திருந்தது.

"இன்னும் வீட்டை விட்டே கிளம்பலியேடா?"

"ராத்திரி சும்மா இருந்தப்பவே அடிச்சு வெச்சுட்டேன் மாப்ள. போற எடத்துல பேனாவைத் தேடிக்கிட்டு நிக்க முடியாதுல்ல."

மேற்கே கல்லணை, வடகிழக்கே எழுபது கிலோமீட்டரில் கங்கைகொண்ட சோழபுரம். ஒரே நாளில் இரண்டையும் பார்க்க, இராஜேந்திர சோழனுடைய குதிரைப்படையாலும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். டிக் அடித்தாகிவிட்டதே, பிறகு சொல்லி என்ன பயன்.

பெரிய கோயிலுக்குள் கேரளாந்தகன் வாயிலைத் தாண்டி, இராஜராஜன் வாயிலைத் தாண்டி நுழைந்தோம். எதிரே நந்தி.

"இது வளர்ந்துகிட்டே போச்சுடா. கடைசியில முதுகுல ஆணி அடிச்சுத்தான் நிறுத்துனாங்க. தெரியுமா?"

தஞ்சாவூர்க்காரனிடம் தஞ்சாவூரைப் பற்றி 'தெரியுமா' என்று கேட்பது இந்த வகையினரின் பிறப்புரிமை. நான் பொறுமையாகச் சொன்னேன். இந்த நந்தி நாயக்கர் காலத்தது. கோயில் கட்டி ஐந்நூறு வருஷத்துக்கு மேல் கழித்து வந்தது. இராஜராஜன் இதைப் பார்த்ததே இல்லை.

"சரி, அவர் காலத்துல இது இல்ல."

"இல்ல."

"இப்ப இவ்ளோ பெருசா இருக்கு."

"இருக்கு."

"அப்ப வளர்ந்திருக்குன்னு நீயே ஒத்துக்கிற."

விமானத்தை அண்ணாந்து பார்ப்பான் என்று எதிர்பார்த்தேன். 216 அடி. முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு ஒரு நிமிஷமாவது நிற்பார்கள். வெர்னியர் செல்போனைப் பார்த்தான். அதில் இதே விமானத்தின் படம் இருந்தது, கீழே பதினைந்து வரியில் செய்தி. அதை எனக்குச் சத்தமாக வாசித்தான். உச்சியில் இருப்பது ஒரே கல், எடை 80 டன், சாரப்பள்ளத்திலிருந்து சாய்தளம் போட்டு யானைகளை வைத்து ஏற்றினார்கள்.

"அது ஒரே கல் இல்லடா. பல துண்டுகளைச் சேர்த்து அமைச்சது."

"ஜாயிண்ட் கண்ணுக்குத் தெரியுதா?"

"கீழேருந்து எப்படித் தெரியும்?"

"தெரியலேன்னா ஒரே பீஸ்தான். எங்க கம்பெனியில அப்படித்தான் சர்டிபிகேட் குடுப்போம்."

லாரிகளை நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது நிழல். காலை பத்தேகால் மணி இருக்கும். தை மாத வெயில் தென்கிழக்கிலிருந்து சாய்வாக விழ, விமானத்தின் நிழல் வடமேற்குப் பிராகாரத்தில் முருகன் சன்னதிப் பக்கமாகப் படர்ந்து கிடந்தது. வெர்னியருக்குத் தலையில் முடி போய்விட்டது. வெயில் உறைக்க, என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த நிழலில் நட்டநடுவே நிறுத்தினான். கைக்குட்டையால் மண்டையைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா" என்றான். பிறகு சொன்னான்:

"இந்தக் கோபுரத்தோட ஸ்பெஷாலிட்டியே அதாண்டா. நிழல் தரையில விழாது."

நான் குனிந்து தரையைப் பார்த்தேன். பிறகு அவனைப் பார்த்தேன்.

"அப்ப நாம எங்கே நிக்கிறோம்?"

"வெயில் இல்லாத எடத்துல."

இவனை இனி விடுவதில்லை என்று முடிவுசெய்து, அந்த நிழலின் விளிம்பைக் காட்டினேன். அதன் வடிவத்தைக் காட்டினேன். மேலே போகப் போகக் குறுகி, கடைசியில் உருண்டையாக முடிவதைக்கூடக் காட்டினேன். "இது என்ன, உங்க ஒசூர்த் தொழிற்சாலையோட நிழலா?" அவன் பதில் சொல்லத் தேவையே இருக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்துச் சுற்றுலாக் கூட்டம் வந்து சேர்ந்தது. ஆசிரியர் பிள்ளைகளிடம், "வெயில்ல நிக்காதீங்க, எல்லாரும் இப்படி நிழல்ல வரிசையா உக்காருங்க" என்றார். உட்கார்ந்தார்கள். "நோட்டை எடுங்க. எழுதிக்குங்க. இந்தக் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது." பிள்ளைகள் நிழலில் உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டார்கள். வெர்னியர் என்னைப் பார்த்த பார்வையில், அன்று லேபில் பேராசிரியரிடம் தோற்றதற்கெல்லாம் சேர்த்து நியாயம் கிடைத்த திருப்தி இருந்தது.

எனக்கு இதில் ஆற்றாமை என்னவென்றால், இந்தக் கோயிலில் உண்மை பொய்யைவிடப் பெரியது. கி.பி. 1010இல், தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், விமானத்தின் உச்சிக்குச் செப்புக் குடம் கொடுத்ததை நாள் கணக்கோடு வெட்டி வைத்திருக்கிறான் இராஜராஜன். கொடுத்த பொன்னையெல்லாம் 'ஆடவல்லான்' என்று பெயரிட்ட எடைக்கல்லால் நிறுத்தார்கள். நகைகளில் முத்து எத்தனை, கோத்த நூலும் அரக்கும் சேர்த்து எடை எவ்வளவு என்பது வரை கல்லில் இருக்கிறது. உலகத்திலேயே மிகச் சரியான ரெக்கார்டு நோட்டுக்குள் நின்றுகொண்டு, ஒருவன் செல்போனைப் பார்த்து வாசித்தால் கோபம் வருமா வராதா? பிராகாரச் சுவரோரம் அவனை நிறுத்தி, எழுத்துகளைக் காட்டி, இதையெல்லாம் சொன்னேன். கவனமாகத்தான் கேட்டான்.

"எல்லாத்தையும் யாருடா நிறுத்துப் பாத்திருப்பா? முந்தின ராஜாவோட நோட்டைப் பார்த்து எழுதியிருப்பாங்க."

விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். கடைசி முயற்சியாக, ஆடல் மகளிர் 400 பேர் கதையைச் சொன்னேன். பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்து, இங்கே தெருக்கள் அமைத்துக் குடியமர்த்தினார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு, வருஷத்துக்கு நூறு கலம் நெல். எந்தத் தளிச்சேரி, தென்சிறகா வடசிறகா, தலைவீடா இரண்டாம் வீடா, அங்கே இருப்பவள் பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று ஒருத்தியையும் விடாமல் எழுதியிருக்கிறார்கள்.

வெர்னியர் செல்போனைப் பையில் போட்டான். சுவர்ப் பக்கம் போய், எழுத்தின் மேல் விரல் வைத்துப் பார்த்தான்.

"டேய், இது ஹாஸ்டல் ரிஜிஸ்டர்டா."

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டான். "மேற்கு பிளாக், மாடி, படியேறினதும் முதல் ரூம். ரேடியோவும் பீர்க்கங்காயும். ரெண்டாவது ரூம்ல நாமக்கல்காரன், கூட அந்த சோடாபுட்டி, அவன் செகண்ட் இயர்ல மெஸ் சண்டையில ரூம் மாத்திக்கிட்டுப் போயிட்டான். மூணாவது பூட்டியே இருக்கும், ஒழுகும். நாலு நம்மளது. எதிர் வரிசையில குழாய் நிக்காத ரூம்..." கிழக்கு பிளாக்குக்கும் போனான். கீழ்த்தளத்துக்கு இறங்கினான். யார் எந்த ஊர், யாருடைய அப்பா எந்தக் கிழமை பார்க்க வருவார், யாருடைய டிரங்குப் பெட்டியில் முறுக்கு இருக்கும். பக்கத்தில் இருந்த வெளிமாநிலத்துக் குடும்பம் ஒன்று, இவன் கல்வெட்டைத்தான் படித்துச் சொல்கிறான் என்று நினைத்து நெருங்கி வந்து நின்றது. எனக்கு நினைவிருக்கும் இடங்களில் எல்லாம் சரிபார்த்தேன். ஓர் ஆள் பிசகவில்லை. இந்தப் பாடத்துக்கு மட்டும் சீனியர் நோட்டு ஏதும் அவனுக்குக் கிடைத்திருக்காது.

அரண்மனையை வேகமாக முடித்தான். சோழர் செப்புத் திருமேனிகளுக்கு ஒரு தலையசைப்பு. திமிங்கல எலும்புக்கூட்டுக்கு "பெருசுதான்." சரஸ்வதி மகாலில் ஓலைச்சுவடிகளைத் தாண்டும்போது நடையின் வேகம் குறையவே இல்லை. சரபோஜி மன்னர் அரும்பாடுபட்டுச் சேர்த்தது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பக்கம் போயிருந்தான். அங்கே சிக்கிக்கொண்டான்.

சார்ல் லெ பிரன் என்ற 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியரின் படங்கள் அங்கே உண்டு. மனித முகத்துக்கும் மிருக, பறவை முகங்களுக்கும் உள்ள ஒற்றுமையைக் காட்டும் வரிசை. வெர்னியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டான்.

"மாப்ள, இங்க வா. எச்.ஓ.டி."

ஒட்டகம். மறுக்க முடியவில்லை. கீழுதடுகூட அதேதான். அடுத்தது ஆந்தை, "ஆப்டிக்ஸ் சார்." அதுவும் சரி. நாற்பது வருஷத்துக்கு முந்தைய துறை முழுவதையும் அந்தச் சுவரில் கண்டுபிடித்து, வருகைப் பதிவு எடுத்துவிட்டுத்தான் நகர்ந்தான். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று, சாய்ந்து, ஒரு கண்ணை இடுக்கி, மூக்கையும் காதையும் ஒப்பிட்டு, கோட்டுக்குக் கோடு பார்த்தான். அன்று லேபில் பார்த்திருக்க வேண்டிய பார்வை அது. கடைசியில் ஆட்டின் முன்னால் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுத்துப் பேசியிருப்பேன். அங்கிருந்த ஊழியர் மட்டும் என் முகத்தையும் படத்தையும் ஒரு தடவை ஒப்பிட்டுவிட்டு, நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மத்தியானச் சாப்பாடு. பில்லுக்குச் சண்டை. வெர்னியர் தோற்பதற்கென்றே ஒரு சண்டை உலகத்தில் உண்டென்றால் அது இதுதான், எப்போதும் கொஞ்சம் தாமதமாகவே பர்ஸை எடுப்பான். பிற்பகலில் திருவையாற்றுக்குப் போனோம். தியாகராஜர் சமாதி இருக்கும் தெருவுக்குள் நுழைவதற்கு முன் அசோகா அல்வா கண்ணில் பட்டது. காவிரிப் படித்துறையில் உட்கார்ந்து அல்வாவைத் தின்று முடித்தபோது இருட்டிவிட்டது. அதற்குள் பி.எஸ்சி. மூன்றாம் வருஷம் வரை பேசி முடித்திருந்தோம், அரியர்கள் உட்பட.

இரவு பஸ் நிலையத்தில் பட்டியலை ஞாபகப்படுத்தினேன். "கல்லணை, தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம். மூணும் பாக்கி."

"கல்லணையைப் பத்தி எல்லாந்தான் தெரியுமே. கங்கைகொண்ட சோழபுரம் இதே டிசைன்தானாம், சைஸ் கொஞ்சம் சின்னது. பார்த்த மாதிரிதான். தாராசுரம் ஆயிருச்சு."

"எப்ப ஆச்சு?"

"காலையில வர்ற வழியிலதான். பாட்டுப் படி இருக்குல்ல, மிதிச்சா ஸ்வரம் வருமே, சூப்பர்டா. ச ரி க ம சுத்தமா வருது."

அந்தப் படிகளைச் சுற்றிக் கம்பி அடைப்பு போட்டிருக்கிறது. யாரும் கால் வைக்க முடியாது. அதைவிட முக்கியம், அவன் காலையில் எங்கேயும் இறங்கவில்லை. கும்பகோணத்தில் ஏறியவன் நேரே தஞ்சாவூரில்தான் இறங்கினான்.

"நீ பஸ்லதானேடா வந்த?"

"ஆமா," என்றான் வெர்னியர், படியில் கால் வைத்தபடி. "டிரைவர் கொஞ்சம் ஸ்லோ பண்ணினாரு."