மாட வீதியில் ஹெரால்டு, பாண்டி பஜாரில் ஃபியட்

அறுபதுகளின் கடைசியில் மயிலாப்பூரில் எங்களிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, தி. நகரில் பெரியப்பாவிடம் ஃபியட். ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது காபி வந்ததும் கார் பேச்சு தொடங்கிவிடும். பெரியப்பா எஞ்சினைப் பிடித்துக்கொள்வார். அவர் வண்டி 1089 சி.சி., எங்களுடையது 948. "தாம்பரம் தாண்டி ஒரு லாரியை ஓவர்டேக் பண்ணிக் காட்டுடா, அப்புறம் பேசு." அவர் சொன்னது நியாயம்தான். ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானுமாகக் காஞ்சிபுரம் கிளம்பினால் ஃபியட்டே வண்டி.

அப்பாவின் பதில் எப்போதும் ஒன்றுதான்: "மாட வீதியில ஒரே வீச்சுல திருப்புங்கண்ணா, பார்க்கலாம்."

ஹெரால்டு ஏறக்குறைய 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். ஆரக் கணக்கில் சொன்னால் நாலு மீட்டருக்கும் குறைவு. பின்னாளில் சிக்கனமான சின்ன வண்டி என்று நாடே கொண்டாடிய மாருதி 800-க்குக்கூட 4.4 மீட்டர் வேண்டியிருந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன்சக்கரங்கள் கிட்டத்தட்டக் குறுக்கே நின்றுவிடும். காய்கறி வண்டி, ரிக்‌ஷா, கோயில் குளத்துப் படிக்கட்டுப் பக்கம் நிற்கும் கூட்டம் எல்லாவற்றுக்கும் நடுவில் அப்பா ரிவர்ஸே போடாமல் திருப்புவார்.

அந்த பானெட்டையும் சொல்ல வேண்டும். இரண்டு பக்கத்து மட்கார்டுகளோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் சாயும். அப்பா முன் டயர் மேலேயே உட்கார்ந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிளக்குகளைக் கழற்றி உப்புத்தாளால் தேய்ப்பார். இத்தாலிக்காரர் மிக்கேலோட்டி பிரிட்டனின் டிரையம்ஃபுக்காக வரைந்த உருவம் அது.

குறை இல்லாத வண்டியல்ல. பின்பக்கம் குறுக்கே பட்டை ஸ்பிரிங்கும் ஸ்விங் ஆக்ஸிலும். வேகமாக வளையும்போது ஆக்ஸிலரேட்டரைச் சட்டென விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். ஃபியட்டின் பின் ஆக்ஸில் ஒரே தண்டு. சொகுசு குறைவு, நம்பிக்கை அதிகம்.

ஃபியட் பம்பாய் குர்லாவிலிருந்து வந்தது. ஹெரால்டு நம் ஊர் வண்டி, வண்டலூர் பக்கம் செய்தது. ஆனாலும் நம் ஊரில் நிலைத்தது பம்பாய் வண்டிதான். அது பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறித் தொண்ணூறுகளையும் ஓடிக் கடந்தது. ஹெரால்டின் வாரிசான கெஸல் எழுபதுகளிலேயே நின்றுபோனது. 1985-இல் அதே வண்டலூர்க் கம்பெனி ஸ்டாண்டர்டு 2000 என்று பெரிய கார் ஒன்றை இறக்கியது. ரோவரின் உடம்பு, அதற்குள் பழங்கால எஞ்சின். அது எடுபடவில்லை, கம்பெனியும் மூடப்பட்டது. நெரிசலான ஊருக்கென்றே அளவெடுத்தது போன்ற சின்ன வண்டியைக் கையில் வைத்திருந்தவர்கள் இப்படிப் போனார்களே என்று எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

இப்போது லஸ்ஸிலும் பனகல் பார்க்கிலும் மெட்ரோ வேலைக்குத் தகரம் அடைத்துச் சாலை பாதியாகிவிட்டது. என் மகளின் கார் 1.2 லிட்டர்; ஹெரால்டைப் போல இரண்டு மடங்கு சக்தி. கச்சேரி ரோட்டில் அதைத் திருப்ப முன்னும் பின்னுமாக மூன்று தடவை ஒடிக்கிறாள், பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடிக்கின்றன. கார் விளம்பரங்களில் குதிரைத்திறன் கொட்டை எழுத்தில் இருக்கிறது. திரும்பும் வட்டம், இருந்தால், கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தில். சென்னையில் கார் வாங்குகிறவர்கள் முதலில் அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள்.