யார் நடப்பது? லண்டன் ஞாயிறு ரோஸ்ட்டின் விலையில் காலடிகளின் பங்கு: ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழ்நாட்டு ஓட்டலில் உட்கார்ந்து "ஒரு ரோஸ்ட்" என்றால் தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்கும். ஞாயிறு மதியம் லண்டன் பப் ஒன்றில் அதையே சொன்னால், அடுப்பில் வெந்த மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ துண்டு துண்டாக வந்து சேரும். இரண்டுக்கும் பொதுவானது முறுகல் ஒன்றுதான். அந்தச் சொல் எப்படிக் கடல் தாண்டித் தோசையில் ஏறியது என்பதை மொழியியலாரிடம் விட்டுவிட்டு, இக்கட்டுரை இரண்டாவது ரோஸ்ட்டின் பின்னால் போகிறது.

ஆய்வுச் சிக்கல் எளியது. தட்டில் இருப்பது லண்டன் முழுக்க ஏறக்குறைய ஒன்றே: இறைச்சித் துண்டுகள், வறுத்த உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், யார்க்‌ஷயர் புட்டிங் என்னும் உப்பிய மாவுக் கிண்ணம், எல்லாவற்றின் மேலும் பழுப்பு நிற கிரேவி. ஆனால் புறநகர் பப்பில் சுமார் 15 பவுண்டுக்குக் கிடைக்கும் இந்தத் தட்டு, நகரின் நடுவே 25, 30 பவுண்டு என்று ஏறிவிடுகிறது. அதே மாடு, அதே கிழங்கு. பின் எங்கே போகிறது அந்தப் பத்து, பதினைந்து பவுண்டு?

கருதுகோள்

ரோஸ்ட்டின் விலை, அதை உண்பவர் நடக்கும் தூரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும். அதாவது, நாம் நடந்தால் மலிவு. நமக்காக வேறு யாராவது நடந்தால் கூடுதல். இதை இனி 'காலடி விதி' என்போம்.

ஆய்வெல்லை

கிறிஸ்துமஸ் விருந்து, காலை உணவு, சைவர்களுக்கென்று கொட்டைப் பருப்புகளை அரைத்துச் செய்யும் 'நட் ரோஸ்ட்' ஆகியன இவ்வாய்வில் சேரா. கடைசியாகச் சொன்னதை உண்பவர்களின் துயரம் தனி ஆய்வுக்குரியது.

முதலில் நடந்தவர்

காலடி விதி இன்று நேற்று வந்ததன்று. ரோஸ்ட் என்பது அசல் பொருளில், எரியும் நெருப்பின் முன்னே கம்பியில் குத்திய இறைச்சியை விடாமல் சுழற்றி வாட்டுவது. சுழற்ற ஆள் வேண்டும். பெரிய இறைச்சி வேக மணிக்கணக்காகும். சமையலறைப் பையன்கள் வெந்து போனார்கள். அவர்களுக்கு மாற்றாக வந்தது ஒரு நாய்.

கதையல்ல. குட்டைக் காலும் நீண்ட உடலுமாக இதற்கென்றே வளர்த்த நாய்கள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்தன. அடுப்பிலிருந்து எட்டிச் சுவரில் மாட்டிய மரச்சக்கரத்துக்குள் நாய் நடக்கும். சக்கரத்திலிருந்து ஒரு கயிறோ சங்கிலியோ கம்பிக்கு ஓடும். நாய் நடக்க, இறைச்சி சுழலும். கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரியே தம் பெயரைத் தாங்கி நிற்கும் மருத்துவர் ஜான் கேயஸ், இங்கிலாந்து நாய்களைப் பற்றி லத்தீனில் எழுதிய நூல் 1576இல் ஆங்கிலமானபோது அதில் இந்தச் சமையல் நாய்க்கும் இடமிருந்தது. பெரிய வீடுகளில் இரண்டு நாய்கள் முறை வைத்து நடந்தன. ஷிப்ட் முறையின் வரலாற்றை எழுதுவோர் கவனிக்க.

எந்திரச் சுழற்றிகள் மலிவானதும் நாய்க்கு வேலை போயிற்று. 19ஆம் நூற்றாண்டோடு அந்த இனமே இல்லாமல் ஆயிற்று. எஞ்சியிருப்பது ஒன்று: வேல்ஸில் அபர்கவெனி அருங்காட்சியகத்தில் பஞ்சடைத்து வைத்திருக்கும் 'விஸ்கி' என்ற நாய்.

ஏழை வீட்டில் நாயும் இல்லை, அடுப்பும் இல்லை. ஞாயிறன்று ரொட்டிக்கடைக்காரரின் அடுப்பு ரொட்டி சுடாமல் சூடாகவே இருக்கும். தேவாலயம் போகும் வழியில் இறைச்சித் தட்டை அங்கே கொடுத்துவிட்டு, திரும்பும் வழியில் சில்லறையைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். சார்லஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய கிறிஸ்துமஸ் கதையிலும் தெருவெல்லாம் இப்படிச் சாப்பாட்டைச் சுமந்துகொண்டு ஆட்கள் போகிறார்கள். நடையாய் நடந்து மலிவாய்த் தின்ற முதல் தலைமுறை இதுவே. அடுப்புக்குள் வைத்து எடுத்தது உண்மையில் 'ரோஸ்ட்' அன்று, 'பேக்' என்று இலக்கணம் பேசுவோர் உண்டு. அவர்கள் சொல்வது சரி. நாய் போன பிறகும் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

வகைப்பாடு

இக்கால ரோஸ்ட்டை, நடப்பவரை அடிப்படையாகக் கொண்டு மூன்றாகப் பகுக்கலாம்.

முதல் வகை, இறைச்சியே நடந்து வருவது. இதற்கு இலக்கணம் வகுத்தது ஸ்ட்ராண்ட் சாலையிலுள்ள சிம்ப்சன்ஸ். 1828இல் சுருட்டு பிடித்துக்கொண்டு சதுரங்கம் ஆடும் இடமாகத் தொடங்கியது. 1851இல் ஆண்டர்சனும் கீசெரிட்ஸ்கியும் ஆடிய, சதுரங்க உலகம் 'சாகா ஆட்டம்' என்று போற்றும் ஆட்டம் இங்கேதான் நடந்தது என்பர். ஆடுபவர்களை எழுப்பக்கூடாது என்பதற்காகத்தான், வெள்ளி மூடி போட்ட தள்ளுவண்டியில் மாட்டிறைச்சியை மேசைக்கே உருட்டிப்போய் அறுத்துப் பரிமாறும் வழக்கம் வந்ததாகச் சொல்லப்படுகிறது. உண்பவரின் காலடி: பூஜ்யம். விலை அதற்கேற்றாற்போல.

இரண்டாம் வகை, பரிமாறுபவர் நடப்பது. 1991இல் ஃபாரிங்டன் சாலையில் 'தி ஈகிள்' திறந்தபோது, பப்பில் நல்ல சாப்பாடும் போடலாம் என்ற எண்ணம் பரவி, 'கேஸ்ட்ரோபப்' என்று ஒரு புதுச் சொல்லே பிறந்தது. அந்த மரபில் வந்த பப்களில் ஞாயிறன்று தட்டு நிரம்பி உங்களைத் தேடி வரும். மாடு எந்தப் பண்ணையில் மேய்ந்தது என்று கரும்பலகையில் எழுதியிருப்பார்கள். 25 பவுண்டு.

மூன்றாம் வகையே இவ்வாய்வின் களம்: நீங்களே நடப்பது. பெயர் 'கார்வரி'.

களப்பணி: கார்வரியின் உள்ளே

கார்வரி லண்டனின் நடுவில் அரிது. பெரிய சாலையோரம், விரிந்த கார் நிறுத்தத்துடன், என்ஃபீல்டு போன்ற ஓரப் பகுதிகளில்தான் அது குடியிருக்கும். பெயர் பெற்றது 1985இல் தொடங்கிய டோபி கார்வரி. அதன் உரிமையாளர், 1898இல் இரண்டு மதுவடிப்பாலைகள் இணைந்து உருவான பர்மிங்காமின் மிட்செல்ஸ் அண்ட் பட்லர்ஸ்.

இதைப் பலர் பஃபே என்று நினைத்துத் தட்டேந்தி நிற்கிறார்கள். ஆய்வு கண்ட முதல் உண்மை: கார்வரி முழு பஃபே அன்று. நம்மூர் ஓட்டல் வழக்கில் சொன்னால், இறைச்சி அளவுச் சாப்பாடு, காய்கறி அன்லிமிடெட். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதர் கத்தியோடு நிற்கிறார்.

வரிசை ஊர்ந்து அவரை அடைகிறது. வெள்ளைக் கோட்டு. தலைக்கு மேல் செஞ்சூட்டு விளக்கு. முன்னால் பலகையில் வான்கோழி, மாடு, பன்றித் தொடையை உப்பிட்டுச் செய்த கேமன் என்று வரிசையாக. "தட்டு சூடு, பார்த்து" என்று நீட்டுகிறார். "எது வேணும்?" அனுபவமற்றவர் "மாடு" என்கிறார், அனுபவசாலி "எல்லாத்திலயும் கொஞ்சம்" என்கிறார். கத்தி இறங்குகிறது. கேமன் பட்டுத்துணி போல மடிந்து விழுகிறது, வான்கோழி உதிர்கிறது, மாட்டில் ஒரு துண்டு, ஒளி ஊடுருவுமோ என்று ஐயுறும் மென்மையில். பிறகு ஒரு கணம் மௌனம். கத்தி நிற்கிறது, தட்டு நகரவில்லை. இங்கிலாந்துக்காரர் 'இன்னும்' என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். தட்டை ஒரு நொடி தாமதமாக இழுப்பார், அவ்வளவுதான். நம்மூர்க் கல்யாணப் பந்தியில் பாயசக்காரர் எதிரே இலையைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த மொழி புரியும். கத்திக்காரருக்கும் புரிகிறது. சில நாள் அரைத் துண்டு விழுகிறது. சில நாள், "அடுத்தவர் ப்ளீஸ்."

அவரைத் தாண்டினால் சுதந்திரம். கிழங்கு, பட்டாணி, கேரட், முட்டைக்கோஸ், சீஸில் மூழ்கிய காலிஃபிளவர்: கரண்டி உங்கள் கையில். இங்குதான் பொறியியல் தொடங்குகிறது. தேர்ந்தவர்கள் மசித்த கிழங்கைத் தட்டின் விளிம்போரம் கரையாக எழுப்பி, உள்ளே காயை அடுக்கி, நடுவில் யார்க்‌ஷயர் புட்டிங்கைக் கிண்ணமாக நிறுத்தி, அதில் கிரேவியை ஊற்றுகிறார்கள். சோற்று மலையில் குழி வெட்டி சாம்பாரைத் தேக்கும் கலையில் தேர்ந்தவர்கள் இந்த நீர்ப்பாசனத்தை ஒரே பார்வையில் புரிந்துகொள்வார்கள்.

புட்டிங் குறித்த இடைச்செருகல்

1737இல் ஒரு சமையல் நூல், இறைச்சியிலிருந்து சொட்டும் கொழுப்பைப் பிடிக்க அடியில் மாவுத் தட்டு வைக்கச் சொன்னது. 1747இல் ஹன்னா கிளாஸ் தம் நூலில் அதற்கு யார்க்‌ஷயர் பெயரைச் சூட்டினார். முற்காலத்தில் இது இறைச்சியோடு வரவில்லை; இறைச்சிக்கு முன்னால், கிரேவியோடு தனியாக வந்தது. காரணம் கணக்குதான்: மாவு மலிவு, இறைச்சி விலை. முதலில் வயிற்றை மாவால் அடைத்துவிட்டால் இறைச்சி நாலு பேருக்குப் போதும். இன்றைய கார்வரி அந்தக் காலப் பாட்டிகளின் கணக்கைத்தான், கிழங்கை அன்லிமிடெட் ஆக்கித் தொடர்கிறது. தாராளமும் சிக்கனமும் ஒரே கரண்டியில் வருகின்றன.

2008இல் பிரிட்டனின் ராயல் வேதியியல் கழகம், 4 அங்குல உயரம் இல்லாதது யார்க்‌ஷயர் புட்டிங் ஆகாது என்று அறிவித்தது. கார்வரி விளக்கின் கீழே அரைமணி நேரம் காத்திருந்த புட்டிங்குகளில் எத்தனை இந்தத் தேர்வில் தேறும் என்று ஆய்வாளர் அளவுகோலுடன் போக எண்ணி, வரிசையில் பின்னால் நின்றவர்களின் முகங்களைப் பார்த்துக் கைவிட்டார். நடையாளருக்கு ஒரு குறிப்பு மட்டும் இங்கே பொருந்தும்: பந்திக்கு முந்து. பன்னிரண்டு மணிக்கு இறைச்சியும் புட்டிங்கும் நிமிர்ந்து நிற்கும். மூன்று மணிக்கு இரண்டும் களைத்திருக்கும்.

மூன்று மணி என்றதும் சட்டம் நினைவுக்கு வருகிறது. முதல் உலகப் போரின்போது, ஆயுதத் தொழிலாளர் மதியமே குடித்துவிடக்கூடாது என்று பப்களை இடையில் மூடச் செய்தார்கள். போர் முடிந்தது, பூட்டு திறக்கவில்லை. வாரநாள்களில் 1988 வரையிலும் ஞாயிறுகளில் 1995 வரையிலும் அந்த இடைவேளை நீடித்தது. இரண்டு மணிக்கோ, பின்னாளில் மூன்று மணிக்கோ கடைசி மிடறை முடித்துவிட்டு, மனைவி சமைத்த ரோஸ்ட்டுக்குக் கணவர் வீட்டுக்கு நடந்தார். ஆகவே ஞாயிறு மாலை நாலு மணிக்குப் பப்பில் பியர் கோப்பையோடு சாவகாசமாக ரோஸ்ட் தின்னும் 'தொன்றுதொட்ட' வழக்கத்துக்கு வயது முப்பது சொச்சம்தான்.

எதிர்வாதங்கள்

காலடி விதிக்கு முதல் எதிரி, வாடகைக் கோட்பாடு. புறநகரில் நிலம் மலிவு, அதனால் சாப்பாடு மலிவு. இதில் நடைக்கு என்ன வேலை என்பது வாதம். ஆய்வாளரின் மறுப்பு: நிலம் ஏன் மலிவு? தூரம் என்பதால். அந்தத் தூரத்தை ரயிலிறங்கி, பேருந்திறங்கிக் கடப்பது யார்? உண்பவரே. ஆக வாடகை என்பதே மாறுவேடம் பூண்ட நடை.

இரண்டாம் எதிரி இன்னும் வலியது: வெதர்ஸ்பூன். மலிவுக்குப் பெயர் போன இந்தச் சங்கிலிப் பப்களில், மேசை எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு, நடந்து போய் பாரில் சொல்லிப் பணம் கட்ட வேண்டியிருந்தது. தட்டு பின்னால் வரும். அரை நடை, மிகக் குறைந்த விலை. விதி ஆட்டம் காண்கிறது. ஆனால் 2016 மார்ச்சில், பிரிட்டனின் அன்னையர் தினத்தோடு வெதர்ஸ்பூன் ஞாயிறு ரோஸ்ட்டையே நிறுத்திவிட்டது. அடுத்த ஆண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே கைப்பேசியில் ஆர்டர் செய்யும் செயலி வந்தது. நடை ஒழிந்தபோது ரோஸ்ட் ஏற்கெனவே இல்லை. இதைக் காலடி விதியின் சான்றாகக் கொள்வதா, தற்செயல் என்பதா என்பதில் புறத்தேர்வாளர்கள் உடன்படாமல் போகலாம்.

மேலாய்வுக்கான களங்கள்

மலிவு கார்வரிகளில் ஆட்டிறைச்சி பெரும்பாலும் இராது, விலை கட்டாது. ஆனால் ஆட்டிறைச்சிக்கென்றே பிறந்த புதினாச் சாஸ் தவறாமல் இருக்கும். ஆடில்லாத இடத்தில் புதினா யாருக்காகக் காத்திருக்கிறது என்பதை எவரேனும் முனைவர் பட்டத்துக்கு எடுக்கலாம்.

இரண்டாவது, திரும்பி வரும் நடை. காய்கறிக்கு மறுபடி போகலாம், இறைச்சிக்குக் கூடாது. வெறுந்தட்டோடு கிழங்கை நோக்கிப் போகிறவர் கத்திக்காரரின் முன்னால்தான் கடந்தாக வேண்டும். அவர் வேகத்தைக் குறைக்கிறார். கேமன் பக்கம் பார்க்கிறார். கத்திக்காரர் விளக்கைச் சரிசெய்வதுபோல் மேலே பார்க்கிறார். இருவரும் வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்கிறார்கள். கிழங்கு நிறைகிறது.

நன்றியுரை

வரிசையில் முன்னால் நின்று, எல்லாவற்றிலும் கொஞ்சம் கேட்டு வழிகாட்டிய பெயர் தெரியாப் பெரியவருக்கும், அரைத் துண்டு கூடப் போட்ட கத்திக்காரருக்கும் இவ்வாய்வு கடன்பட்டிருக்கிறது. இத்துறையின் முதல் களப்பணியாளரான விஸ்கிக்குத் தனி நன்றி. அது இப்போது அபர்கவெனியில் நிற்கிறது. சக்கரத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். எங்கும் நடந்து போக வேண்டியதில்லை. பார்க்க வேண்டுமானால் நாம்தான் நடந்து போக வேண்டும்.