கைபேசி ஊழியருடையது, திறவுகோல் நிறுவனத்துடையது

ஊழியர் தம் பணத்தில் வாங்கிய கைபேசியிலும் மடிக்கணினியிலுமே அலுவலக வேலையைச் செய்யலாம் என்னும் ஏற்பாடு, பணியாளர் சுதந்திரத்தை முன்னிட்டு அளிக்கப்பட்ட சலுகையாகவே நிறுவனங்களால் விளக்கப்படுகிறது. கருவியின் விலை, மாதக் கட்டணம், உடைந்த திரையை மாற்றும் செலவு ஆகியவையும் அச்சுதந்திரத்தோடு சேர்த்தே வழங்கப்படுகின்றன. அக்கருவியில் அடுத்துக் குடியேறுவது கருவி மேலாண்மைச் செயலி, அதாவது கடவுச்சொல் விதிகளைத் தொலைவிலிருந்தே சுமத்தவும், முழுக் கட்டுப்பாடு பெற்றிருந்தால் கருவியிலுள்ள அனைத்தையும் துடைத்தழிக்கவும் வல்ல மென்பொருள். வேலையை விட்டவரின் அலுவலக மின்னஞ்சலையும் அவருடைய பிள்ளையின் பிறந்தநாள் படங்களையும் அது பாரபட்சமின்றி நடத்தும். (வேலைத் தரவைத் தனியே அடைத்துவைக்கும் ஏற்பாடுகள் பின்னர் வந்து, படங்களை ஓரளவு காப்பாற்றின.)

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல், தொழிலாளர் சட்டத்தின் 2802ஆம் பிரிவைக் காட்டி, வேலைக்குச் சொந்தக் கைபேசியைக் கட்டாயமாகப் பயன்படுத்த நேர்ந்தவருக்கு, அவர் வரம்பற்ற அழைப்புத் திட்டத்தில் இருந்தாலும், கட்டணத்தை வேறொருவரே செலுத்தினாலும், அதில் நியாயமான ஒரு விழுக்காட்டை முதலாளி ஈடுசெய்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவ்விழுக்காடு எவ்வளவு என்பதை மட்டும் நீதிமன்றம் வரையறுக்கவில்லை. ஆகவே மேலாளரின் நள்ளிரவு அழைப்புக்கும் மனைவியின் அழைப்புக்கும் இடையே கட்டணத்தைப் பங்கிடும் நுட்பமான கணிதம், அதில் இயல்பாகவே பேரார்வம் கொண்ட நிறுவன நிதிப்பிரிவுகளின் பொறுப்பில் விடப்பட்டது.