ஷெவர்லே உபாசகர்

சங்கீதத்தில் ஒரு ஸ்வரமும் பாட அறியாதிருந்தும், டிசம்பர் மாதத்துச் சபாக்களில் முன்வரிசையில் அமர்ந்து, வித்வானுக்குத் தாளம் தவறப்போகும் க்ஷணத்தை அவருக்கு முன்பே உணர்ந்து முகத்தைச் சுளித்துக்கொள்கின்ற ரசிக சிரோமணிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்களுடைய வம்சத்தின் கிளையொன்று சங்கீதத்தைத் துறந்து மோட்டார் வாகன சாஸ்திரத்தில் புகுந்து, அதிலும் பழைய அமெரிக்கக் கார்கள் என்ற ஒரே க்ஷேத்திரத்தில் நித்தியவாசம் செய்து வருகிறது என்பதை நான் அறிந்துகொண்டது, திருவனந்தபுரத்தில் கரமனைப் பக்கம் குடியிருக்கும் ஒரு பெரியவருடைய சகவாசத்தினால்தான். அவருடைய பெயர் இங்கே அவசியமில்லை. உபாசகர் என்று சொன்னால் போதும். உபாசகருக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஒரு சைக்கிள் உண்டு. அதையும் அவர் பெரும்பாலும் தள்ளிக்கொண்டுதான் போவார், உடன் வருகிறவனிடம் பேசுவதற்கு அதுவே உசிதமான வேகம் என்பதனால்.

கார் இல்லாமையை ஒரு குறையாக எண்ணி அவருக்காக அனுதாபப்படுகிறவர்கள் விஷயம் தெரியாதவர்கள். பழைய கார் ஒன்றை வைத்திருக்கும் மனிதனைக் கவனித்துப் பாருங்கள்: அவன் பேச்சில் பாதி உதிரிப் பாகம் கிடைக்காத வியாகுலம், மீதிப் பாதி மெக்கானிக் மேல் வசவு. உபாசகருடைய கார்களோ ஆயில் ஒழுகுவதில்லை. அவற்றின் டயர் தேய்வதில்லை. லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடினாலும் அந்தப் பெட்ரோலுக்குப் பணம் கொடுக்கிறவர் யாருமில்லை. ஆகவேதான், அமெரிக்க நாட்டில் ஆயிரக்கணக்கில் உற்பத்தியாகி, துருப்பிடித்து, நசுக்கி உருக்கப்பட்டுவிட்ட எத்தனையோ வண்டிகள், குரோமிய முலாம் கொஞ்சமும் மங்காமல் கரமனைத் தெருவில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

காலத்தைக் கணக்கிடுவதிலும் அவருக்கு நம் பஞ்சாங்கம் உதவாது. 1948 என்றால் அவரைப் பொறுத்தவரை காடிலாக் காருக்கு வால் முளைத்த வருஷம். லாக்ஹீட் கம்பெனியாரின் இரட்டை வால் கொண்ட பி-38 போர் விமானத்தைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்த ஹார்லி ஏர்ல் என்ற வடிவமைப்பாளர், ஜெனரல் மோட்டார்ஸில் தமக்குக் கீழிருந்த சிற்பிகளைக் கொண்டு காரின் பின்புறத்தில் இரண்டு சிறு துடுப்புகளை எழுப்பச் செய்தார் என்பதும், அன்று முளைத்த வால் 1959இல் விண்ணை முட்ட உயர்ந்து அதன்பின் தேயத் தொடங்கிற்று என்பதும் வாகன சரித்திரம். உபாசகரோ அதை யுக தர்மமாகவே சொல்லுவார். 1960க்குப் பிறகு பிறந்தவை எல்லாம் அவருக்குக் கலியுகத்து வண்டிகள். 1950ஆம் ஆண்டில் மூன்று மகத்தான சம்பவங்கள் நடந்தன என்று அவர் சாதிப்பதுண்டு: இந்தியா குடியரசாயிற்று, ஷெவர்லேக்குப் ‘பவர்கிளைடு’ என்னும் தானியங்கிக் கியர் வந்தது, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் ‘பொன்முடி’ என்ற படத்தை வெளியிட்டனர். மூன்றாவது சம்பவத்துக்கும் கார்களுக்கும் என்ன சம்பந்தம் என்றால், அந்தப் படத்தை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் ஓர் அமெரிக்கர். அது பாரதிதாசனுடைய ‘எதிர்பாராத முத்த’த்தைத் தழுவிய கதை, பொன்முடி அதில் கதாநாயகன் பெயர், நம் ஊருக்கு வடகிழக்கே நிற்கும் மலைக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது என்று நான் வாதாடிப் பார்த்தேன். “பொன்முடிக்கும் அமெரிக்காவுக்கும் அப்பவே தொடுப்பு உண்டும் ஓய்!” என்பதற்கு மேல் அவர் இறங்கி வரவில்லை.

அவரை வெறும் வாயாடி என்று தள்ளிவிட முடியாதபடி செய்வது அவருடைய ஞானம். 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் சிவ்ரியில் ஆலை திறந்து, பெட்டிகளில் வந்திறங்கிய உறுப்புகளைப் பூட்டி ஷெவர்லேக்களாக வெளியே அனுப்பியதையும், உறுப்புகளை இந்த நாட்டிலேயே செய்தாலொழிய இங்கே இடமில்லை என்று சுதந்திர இந்தியாவின் சர்க்கார் சொன்னதன் பேரில் 1954இல் கதவை மூடிக்கொண்டு போனதையும், நேரில் நின்று வழியனுப்பியவர்போல் விவரிப்பார். வால்சந்த் ஹீராசந்தின் பிரீமியர் கம்பெனி கிரைஸ்லரோடு ஒப்பந்தம் செய்து குர்லாவில் பூட்டி விற்ற டாட்ஜ், டிசோட்டோ, பிளிமத் மூன்றையும் பற்றிப் பேச ஆரம்பித்தால் அன்றைக்குச் சாப்பாடு தாமதம். இந்த மூன்றும் உண்மையில் ஒரே வண்டி. நெற்றிப் பட்டமும் முகப்புக் கம்பிகளும் மட்டுமே வேறு. ஆயினும் தூரத்தில் ஹாரன் ஒலித்த மாத்திரத்தில் அது டாட்ஜா டிசோட்டோவா என்று தம்மால் நிர்ணயிக்க முடியும் என்கிறார் உபாசகர். சோதித்துப் பார்க்க மூன்றும் ஒருங்கே கிடைக்காத காரணத்தால் அந்தக் கீர்த்திக்கு இதுவரை பங்கம் நேரவில்லை.

ஒரே ஒரு துக்கம் அவருக்கு உண்டு. திருவனந்தபுரத்தில் பழைய கார் என்று வாயெடுத்தால் யாரும் உடனே சொல்லுவது, உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மகாராஜா பல லட்சம் மைல் ஓட்டிய, ‘சி.ஏ.என். 42’ என்ற எண் தாங்கிய பென்ஸைத்தான். ஜெர்மன் வண்டி! “உழைக்கும், இல்லைன்னு சொல்லல்லே. ஆனா அதுக்குச் சிரிக்கத் தெரியாது” என்பது அந்த மகாயந்திரத்தைப் பற்றி உபாசகரின் தீர்ப்பு. முகப்பு முழுவதும் குரோமியப் பல்வரிசை தெரிய இளிக்கும் 1950களின் பியூக்கைப் படத்திலாவது கண்டவர்களுக்கு, அவர் எதைச் சிரிப்பு என்கிறார் என்பது விளங்கும். துக்கம் இதுவென்றால், கோபம் வேறொன்றின் மேல். 1973க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியபோது, இம்பாலாக்களையும் பிளிமத்துகளையும் வைத்துக் காப்பாற்ற முடியாதவர்கள், பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெர்க்கின்ஸ் டீசலையோ, மெட்டடார் வேனிலிருந்து பெயர்த்த எஞ்சினையோ அவற்றின் மார்புக்குள் வைத்துத் தைத்தார்களே, அதை அவர் மகாபாதகங்களின் வரிசையில் சேர்த்திருக்கிறார். கியூபா நாட்டில் ரஷ்ய எஞ்சின் பூட்டி ஓட்டுகிறார்களே என்று கேட்டால் மட்டும் முகம் இளகும்: அமெரிக்கா ஒரு திருகாணிகூட அனுப்ப மாட்டேன் என்று தடை போட்டுவிட்டபின், பாவம், அவர்கள் செய்தது ஆபத்தர்மம்.

இத்தகைய மனிதரோடு பொன்முடிக்குப் போவது எப்படிப்பட்ட அனுபவம் என்பதை, கேரள அரசுப் பேருந்தில் அவர் பக்கத்து இருக்கையில் அமர்ந்து நெடுமங்காடு, விதுரை வழியாக ஏறியவனே சொல்ல முடியும். கல்லாறு தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுகின்றன. மற்றப் பிரயாணிகள் தேயிலைச் சரிவையும் மஞ்சையும் பார்க்க, உபாசகர் ஒவ்வொரு வளைவிலும் எண் பலகையைப் பார்த்து, அந்தந்த வளைவுக்கு எந்த வண்டி லாயக்கு என்று தீர்ப்பு வழங்கிக்கொண்டே வந்தார். 17½ அடி நீளமும் 6 அடி 8 அங்குல அகலமும் உடைய 1959ஆம் வருஷத்து இம்பாலா இங்கே ஒரே வீச்சில் திரும்பாது என்று அவர் அறிவித்தபோது, அந்தக் குரலில் வருத்தம் இல்லை. மலைதான் கொஞ்சம் குறுகலாகக் கட்டப்பட்டுவிட்டது என்ற பெருந்தன்மையே தொனித்தது.

“கேட்டீரா ஓய், ஃபோர்டு டி மாடல் இதிலே எப்படி ஏறும் சொல்லும் பார்ப்போம்?”

ஏறியிருக்கும், 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி விற்றிருக்கிறதே என்றேன்.

“ஏறும். ஆனா முன்பக்கமா ஏறாது. அதுக்குப் பெட்ரோல் பம்பு கிடையாது. டாங்கி முன்சீட்டுக்கு அடியிலே. தானா ஒழுகித்தான் எஞ்சினுக்குப் போகணும். செங்குத்தா மூக்கு உசந்தா எஞ்சின் மேலே, டாங்கி கீழே. டாங்கியிலே எண்ணெய் கம்மியா இருந்தா பெட்ரோல் என்ன, மேல்நோக்கியா பாயும்? அதனாலே வண்டியைத் திருப்பி, பின்பக்கமா ஏத்தினான் ஓய்! ரிவர்ஸ் கியர்தான் அதிலே பலம் கூடின கியரும்.”

இது சத்தியமான செய்தி. ஆனால் இதைச் சொன்னவர் இரண்டு கைகளாலும் கற்பனை ஸ்டியரிங்கைப் பிடித்து, கழுத்தை முழுவதும் பின்னால் திருப்பிக்கொண்டு 22 வளைவையும் பின்புறமாக ஏறிக் காட்டத் தொடங்கியதால், பின்வரிசையில் அமர்ந்திருந்த அம்மாள், தம்மையே அவர் உற்றுப் பார்ப்பதாக எண்ணி, கைக்குழந்தையோடு வேறு இடத்துக்கு மாறிவிட்டார்.

மேலே, ‘அப்பர் சானட்டோரியம்’ என்று இன்றும் வழங்கும் இடத்தில் இறங்கியபோதுதான் விதி குறுக்கிட்டது. மஞ்சினூடே, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு ஷெவர்லே நின்றது. 1954ஆம் வருஷத்தது, ஆறு சிலிண்டர், கம்பெனி பம்பாயில் கடையைக் கட்டிய அதே வருஷத்துப் பிள்ளை. அதனருகே நாகர்கோவில் இளைஞர் ஒருவர், தாத்தா வைத்துவிட்டுப் போன சொத்து என்பதற்காக அதைப் பராமரித்து வருபவர், ஈரத் துவர்த்து ஒன்றைப் பெட்ரோல் பம்பின்மேல் சுற்றிக்கொண்டிருந்தார். உபாசகர் செருப்பைக் கழற்றாத குறையாக அணுகினார்.

“வேப்பர் லாக்கா தம்பி?”

“ஆமா அண்ணாச்சி. கியர் குறைச்சு ஏறி ஏறி, சூட்டிலே குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாயிருது. பம்பு ஆவியை இழுக்க மாட்டேங்குது. வழியிலே ரெண்டு இடத்திலே படுத்திட்டு.”

“கம்பெனிக்காரன் யோசிச்சுத்தான் வச்சிருக்கான். மலை ஏறுறவன் நடுவிலே நிண்ணு நாலு இடம் பார்க்கண்டாமா?”

இளைஞர் சிரித்தார். பேசுவதற்கு ஆள் கிடைத்த ஆறுதலில் தம் குறைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். வண்டியின் வைப்பர் எஞ்சின் காற்றை உறிஞ்சும் வலுவால் ஆடுவது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மேட்டில் ஏறினால் அந்த உறிஞ்சல் குறைந்து வைப்பர் நின்றுவிடுகிறது. மழையில் ஏறும்போது வழி தெரிய வேண்டுமானால் காலை எடுக்க வேண்டும், காலை எடுத்தால் வண்டி ஏறாது. உபாசகர் இதில் ஒரு தர்ம சூக்ஷ்மத்தைக் கண்டார்: மழையில் வேகமாய்ப் போகாதே என்று டிரைவருக்கு வண்டியே புத்தி சொல்லுகிறது, இப்போது வருகிற கார்களில் இந்த ஒழுக்கம் உண்டா? பாட்டரி ஆறு வோல்ட்தான், இரவில் விளக்கு எரிகிறதா என்று இறங்கிப் போய்த்தான் பார்க்க வேண்டும் என்றார் இளைஞர். எதிரே வருகிறவன் கண் கூசக்கூடாது என்ற தாட்சண்யம் அது என்றார் உபாசகர். ஒரு காரைப் பற்றி அதன் சொந்தக்காரன் வாதியாகவும், அதைத் தொட்டுமிராத ஒருவர் பிரதிவாதியின் வக்கீலாகவும் நின்று வழக்காடுவதைத் தேநீர்க்கடைக்காரர் வியாபாரத்தை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கில் உபாசகர் ஜெயித்தார் என்றே சொல்ல வேண்டும். தம் தாத்தாவின் வண்டியை இளைஞர் அன்றுதான் கொஞ்சம் மரியாதையோடு பார்த்ததாக எனக்குத் தோன்றிற்று. அது சின்னக் காரியமல்ல; உதிரிப் பாகக் கடைகளாலும் மெக்கானிக்குகளாலும் சாதிக்க முடியாததை இந்தச் சைக்கிள்காரர் அரை மணி நேரத்தில் சாதித்துவிட்டார்.

அந்த மகிழ்ச்சியில்தான் இளைஞர் அதைச் சொன்னார். “கீழே இறங்க நானும் தனியாத்தான் போறேன் அண்ணாச்சி. வீட்டிலே ஒருத்தரும் இதிலே ஏற மாட்டேங்காங்க. ரெண்டு பேரும் வாங்க, முன்சீட்டிலே மூணு பேர் தாராளமா உக்காரலாம்.”

உபாசகருடைய வாழ்நாள் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்காகவே காத்திருந்தது என்று நான் நினைத்தேன். அவர் பேசவில்லை. வண்டியை மெல்லப் பிரதக்ஷிணம் வந்தார். முன் சக்கரத்தருகே குனிந்தார். பின் சக்கரத்தருகே குனிந்தார். நான்கு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக். நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடியை விட்டுவிடும் ஜாதி.

“லைனிங் மாத்தி எத்தனை காலம் இருக்கும் தம்பி?”

“தாத்தா இருக்கையிலே மாத்தினது, அண்ணாச்சி.”

உபாசகர் நிமிர்ந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “கண்டக்டர் நமக்காகச் சீட்டு பிடிச்சு வச்சிருப்பான் ஓய், பாவம். வாக்கு மாறப்படாது” என்றார். கண்டக்டருக்கு எங்களை யாரென்றே தெரியாது. ஆயினும் உபாசகர் அந்தப் பேருந்தை நோக்கி நடந்த வேகம், சைக்கிள் தள்ளுகிறவரிடம் நான் முன்பு கண்டறியாதது. நடந்துகொண்டே திரும்பி, “ரெண்டாம் கியரிலேயே இறங்கணும் தம்பி, பிரேக்கை நம்பண்டாம்!” என்று மஞ்சுக்குள் உபதேசமும் செய்தார்.

முதல் வளைவு திரும்புவதற்குள் அவருக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. ஹென்றி ஃபோர்டின் மகன் பெயரைச் சூட்டி 1957இல் அவர் கம்பெனியார் ஆர்ப்பாட்டமாக வெளியிட்டு, வாங்க ஆளில்லாமல் 1959இலேயே நிறுத்திவிட்ட காரின் பரிதாப வரலாற்றை எடுத்துக்கொண்டு, ஜனங்கள் அதற்கு இன்னும் பக்குவப்படவில்லை என்பதே தோல்விக்குக் காரணம் என்று நிரூபிக்கும் கட்டத்தில் கையை உயர்த்தியிருந்தார்.

“டிக்கெட் எங்ஙோட்டா சாரே?” என்று கேட்டுக்கொண்டு கண்டக்டர் வந்து நின்றார்.

“எட்ஸல்!” என்றார் உபாசகர்.

கண்டக்டர் கையிலிருந்த மெஷினைக் கொஞ்ச நேரம் தட்டித் தட்டிப் பார்த்தார். “அவிடெ ஸ்டோப்பில்லல்லோ சாரே. விதுரயில் இறங்ஙிக்கோ, அவிடுந்நு ஆட்டோ கிட்டும்” என்றார்.