சூடு போகும் வழி: தாம்பரம் வட்டாரத்து நீர்க்குளிர்க் கம்ப்யூட்டர் குறித்த ஓர் ஆய்வு

தாம்பரம் வட்டாரத்தின் ஹார்டுவேர் வரலாறு 1863 மே 30 அன்று தொடங்குகிறது. அன்றைக்கு ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். பழைய கற்கால மனிதன் இந்தியாவில் வாழ்ந்தான் என்பதற்கு அது தொடக்கச் சான்று. அந்தக் கருவிக்குக் கேபிள் கிடையாது. டிரைவர் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். எந்தக் கையில் கொடுத்தாலும் செட்டாகும். அந்த அளவு பொருத்தம் அதற்குப் பிறகு இந்த வட்டாரத்தில் விற்ற எந்தச் சாதனத்துக்கும் அமையவில்லை என்பது இக்கட்டுரையின் முதல் துணிபு. அதே பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் இன்று பழைய மதர்போர்டையும் ஃபேனையும் தார்ப்பாயில் குவித்து விற்கிறார்கள். பத்தாயிரம் வருஷம் கழித்து இன்னொரு ஃபூட் வந்து தோண்டினால், இரண்டில் எது முந்தியது என்று கொஞ்சம் திணறத்தான் செய்வார்.

ஆய்வு மாதிரியை வரையறுப்போம். சேலையூர்ப் பக்கம் ஓர் அடுக்ககம், மூன்றாம் மாடி, தலைக்கு மேலே மொட்டை மாடி. அறை 10க்கு 10. அதற்குள் ஒரு கட்டில், ஒரு பீரோ, ஓஎம்ஆருக்கு வேலைக்குப் போய்வரும் ஒரு பையன். அவன் மனத்தில் ஓர் இயந்திரம்: ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசசர், ஆர்டிஎக்ஸ் 5090 கிராஃபிக்ஸ் கார்டு, இரண்டின் மேலும் தண்ணீர் ஓடவேண்டும், குழாய் வெளியே தெரிய வேண்டும், விளக்கு எரிய வேண்டும். 5090-க்கு 2025 ஜனவரியில் இந்தியாவில் அறிவித்த தொடக்க விலை 2,14,000 ரூபாய். இதைக் கேட்ட அப்பா, “ரெண்டு ஸ்கூட்டர் வாங்கலாம்” என்றார். ஸ்கூட்டருக்குக் காற்றே போதும், தண்ணீர் விட வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொண்டார். இதைக் கருத்தாகக் கொள்ளாமல் தரவாகப் பதிவு செய்கிறோம்.

குளிர்ச்சி பற்றிய முன்னோர் முயற்சிகளைப் பார்த்துவிட்டு மேலே போவது ஆய்வு மரபு. பாஸ்டன் பக்கத்துக் குளங்களில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றிய ஃபிரெடரிக் டியூடர், அதைச் சேமிக்க மெட்ராஸ் கடற்கரையில் 1842-இல் ஐஸ் ஹவுஸ் கட்டினார். பாதி உலகம் சுற்றிவந்த குளிர்ச்சி அது. அடுத்து 1985-ஐ விசேஷ ஆண்டாகக் கொள்ள வேண்டும். அந்த ஆண்டு வந்த க்ரே-2 சூப்பர் கம்ப்யூட்டரில் மின்சுற்றுகள் ஃப்ளோரினர்ட் என்ற திரவத்துக்குள்ளேயே மூழ்கிக் கிடந்தன. அதே ஆண்டு கல்பாக்கத்தில் திரவ சோடியத்தால் குளிரும் வேக ஈனுலை இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டுதான் வண்டலூர் உயிரியல் பூங்காவையும் திறந்தார்கள். கத்திரி வெயில் வந்தால் அங்கே யானைக்கு ஷவர் போடுவதைப் பத்திரிகையில் வருஷா வருஷம் பார்க்கிறோம். மூன்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் ஆய்வுக் கட்டுரை எழுதிப் பழகாதவர்கள். மூன்றும் திரவக் குளிர்ச்சி, அவ்வளவுதான். யானையுடையது மட்டும் ஓப்பன் லூப்.

இனி பொருத்தம். பொருத்தம் என்றதும் ஜாதகத்தை இழுப்பது வழக்கம். ஜாதகத்தில் யாரும் மில்லிமீட்டர் போடுவதில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறோம். ஏஎம்5 சாக்கெட்டில் டிடிஆர்5 ராம் மட்டும்தான் உட்காரும். வீட்டில் கிடக்கும் டிடிஆர்4 குச்சிகளை அப்பாவிடம் காட்டி மிச்சம் பிடித்ததாகச் சொல்ல வழியில்லை. குச்சி இரண்டு போட்டால் இந்தப் பிராசசருக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் 5600; ஆசைப்பட்டு நான்கு போட்டால் 3600. ரேடியேட்டரில் எண்ணைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். 360 என்பது 120 மி.மீ. ஃபேன் மூன்று, 280 என்பது 140 மி.மீ. ஃபேன் இரண்டு. பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் முதலாவது 43,200 சதுர மி.மீ., இரண்டாவது 39,200. எண்ணில் எவ்வளவோ தூரம், முகத்தில் கொஞ்சம்தான் வித்தியாசம். கேபினெட்டின் மேல்பக்கம் மாட்டினால் ரேடியேட்டர் 27, ஃபேன் 25, ஆக 52 மி.மீ. கீழே இறங்கும், அங்கே ராமின் அலங்காரக் கொண்டை முட்டும். கார்டுக்கு வாட்டர் பிளாக் வாங்குவதில்தான் பெரிய வில்லங்கம். 5090 என்ற பெயர் எல்லாக் கம்பெனிக்கும் பொது, உள்ளே இருக்கும் போர்டு பொது இல்லை. ஒரு கம்பெனி கார்டுக்குச் செய்த பிளாக் இன்னொன்றின் மேல் உட்காராது.

பொருள் வாங்கும் களம் ரிச்சி தெரு. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, கிண்டியில் மெட்ரோவுக்கு மாறி, அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடந்துவிடலாம். அங்கே எதைக் கேட்டாலும், “செட்டாகும் ப்ரோ” என்று பதில் வரும். எதோடு எது என்பது இரண்டாம் கேள்வி. அதற்குள் பில் போட்டிருப்பார்கள். வாங்கிய கேபினெட்டோ பக்கவாட்டில் கண்ணாடி வைத்தது. சாயங்காலம் ஆறு மணிக்குத் தாம்பரம் ரயிலில் கண்ணாடிப் பெட்டி எந்த விதத்திலும் செட்டாகாத பொருள். ஆட்டோவிலோ வண்டியிலோ வீட்டுக்கு வந்துவிட்டால் அபாயம் தீர்ந்தது என்று எண்ணக் கூடாது. டெம்பர்டு கிளாஸை நட்டு கழற்றித் தரையில் நிறுத்தும்போது அதன் ஓரம் டைல்ஸில் லேசாக இடித்தால் போதும், கண்ணாடி கல்கண்டு மாதிரி பொலபொலவென்று உதிரும். கண்ணாடியைவிட டைல்ஸின் மேற்பரப்பு கெட்டி. ஆகவே தரையில் ஒரு கோரைப்பாயை விரித்துக்கொள்வது நலம். இந்தக் கோரைப்பாய் எந்தக் கம்பெனியின் உதிரிபாகப் பட்டியலிலும் இல்லை.

நீரியல் பகுதிக்கு வருவோம். இதில் முதல் ஆய்வுக் கேள்வியை எழுப்பியவர் அம்மா: “என்ன தண்ணிடா ஊத்துவ? போர் தண்ணியா, கேன் தண்ணியா?” இதைவிடக் கூர்மையான கேள்வியை எந்தக் கம்பெனிக் கையேடும் கேட்டதில்லை. புறநகர் போர் தண்ணீர் பக்கெட் விளிம்பில் விட்டுப்போகும் வெள்ளைப் படிவத்தை எல்லாரும் பார்த்திருக்கிறோம்; வாட்டர் பிளாக்குக்குள் இருக்கும் செம்புத் தகடுகளின் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லை. அங்கே அந்த வெள்ளை படிந்தால் கதை முடிந்தது. கேன் தண்ணீரிலும் தாது உண்டு. வேண்டியது டிஸ்டில்டு வாட்டர், கூடவே பாசியும் துருவும் பிடிக்காமலிருக்க மருந்து. இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றத் தண்ணீர் கேன் வாங்கிவைத்திருக்கும் வீடுகள் இங்கே ஏராளம் என்பதால், உப்பில்லாத தண்ணீர் என்ற கருத்து அம்மாவுக்குப் புதிதில்லை. அலுமினிய ரேடியேட்டரையும் செம்பு பிளாக்கையும் ஒரே தண்ணீரில் இணைத்தால் ஒன்று மற்றதை அரிக்கும் என்பதைத்தான் அவர் நம்ப மறுத்தார். ஊற்றியபின் மற்ற எதற்கும் கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, ஒவ்வொரு ஃபிட்டிங்கின் அடியிலும் டிஷ்யூ பேப்பர் வைத்து, அது நனைகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். குழாயில் குமிழி வந்தால் கேபினெட்டைத் தூக்கி இப்படியும் அப்படியும் சாய்க்க வேண்டும். தொட்டிலாட்டிய அனுபவமுள்ள பாட்டிகள் இதை நன்றாகச் செய்கிறார்கள்.

வெளியிலிருந்து தானாக வரும் தண்ணீரும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தளத்தில் இருந்தவர்களிடம் தண்ணீரும் கம்ப்யூட்டரும் சேர்வது பற்றி நயமாகப் பேச முடியாது. அவர்கள் சிபியுவைப் பரணில் வைப்பதைப் பற்றித்தான் பேசுவார்கள்.

மின்சாரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 5090-க்கு மட்டும் 575 வாட். என்விடியா 1000 வாட் பவர் சப்ளை போடச் சொல்கிறது. வீட்டில் இருப்பது 600 விஏ யுபிஎஸ். மழைக்காலத்தில் ஒரு பேஸ் போனால் யுபிஎஸ் ஒரு தடவை கத்திவிட்டு அடங்கிவிடும். விளையாடும்போது மொத்த இயந்திரமும் 700 வாட் இழுப்பதாக வைத்து, தினம் 4 மணி நேரம், 60 நாள் என்று பெருக்கினால் 168 யூனிட். 2025-இல் இலவசமாகத் தந்த 100 யூனிட் அந்த அறைக்குள்ளேயே தீர்ந்திருக்கும்.

இனி மையக் கருதுகோள். தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. அந்த 700 வாட் சிப்பிலிருந்து தண்ணீருக்கும், தண்ணீரிலிருந்து ரேடியேட்டருக்கும், அங்கிருந்து அறைக்கும் வந்து சேர்கிறது. 10க்கு 10க்கு 10 அடி அறையில் உள்ள காற்று ஏறக்குறைய 33 கிலோ. கதவு சாத்தியிருக்கிறது, சுவர் சூட்டைக் குடிக்காது என்று வைத்தால், ஐம்பது நொடிக்கு ஒரு டிகிரி ஏறும். நல்ல வேளையாகச் சுவர் குடிக்கும். ஆனால் மே மாதம் மூன்றாம் மாடியில் மொட்டை மாடித் தளம் ஏற்கனவே குடித்த சூட்டை ராத்திரி பதினோரு மணிக்குத் திருப்பிக் கக்கிக்கொண்டிருக்கும். வெளிநாட்டு அறிவுரைகள் அறையில் 22 டிகிரி இருப்பதாக எண்ணி எழுதியவை. ரேடியேட்டர் எவ்வளவு பெரிதானாலும் தண்ணீர் அறையைவிடக் குளிர முடியாது. பத்துப் பன்னிரண்டு டிகிரி மேலேதான் நிற்கும். அறை 36 என்றால் தண்ணீர் 48. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அதுவும் கத்திரி முடிந்த பிறகு. அப்படி ஒரு நாளில் இந்த இயந்திரத்தின் குழாயில் ஓடுவதைத் தண்ணீர் என்று சொல்வதைவிட ரசம் என்று சொல்வது பொருந்தும்.

ஆகவே ஏசி. ஒரு டன் ஏசி 3.5 கிலோவாட் சூட்டை வெளியே தள்ளும். அதில் ஐந்தில் ஒரு பங்கை இந்த ஒற்றைக் கம்ப்யூட்டரே எடுத்துக்கொள்கிறது. தள்ளிய சூடு எங்கே போகிறது? அவுட்டோர் யூனிட்டின் முகம் பக்கத்து அடுக்ககத்துச் சமையலறை ஜன்னலைப் பார்த்திருக்கிறது. இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கும் இடம். அந்த வீட்டு அக்கா தோசை வார்க்கும்போது அனுபவிப்பது பாதி அடுப்பு, பாதி ஆர்டிஎக்ஸ். அவர்கள் அதற்காக ஒரு ஏசி வாங்கினால் அதன் முகம் இந்தப் பக்கம் திரும்பும். பொருத்தப் பட்டியலில் பிராசசரும் மதர்போர்டும் இருக்கின்றன, பக்கத்து வீட்டு ஜன்னல் இல்லை.

இதற்கு ஒரு தீர்வு பொறியியலில் ஏற்கனவே உண்டு. ரேடியேட்டரைக் கேபினெட்டுக்குள் வைக்காமல், ஒன்பது ஃபேன் மாட்டும் பெரியதொன்றை வெளியே வைத்து, குழாயை மட்டும் உள்ளே கொண்டுவருவது. ஏசிக்காரர் செம்புக் குழாய்க்குச் சுவரில் போட்ட ஓட்டை போதும். சூடு அறைக்கு வராமல் நேராகப் பால்கனிக்குப் போய்விடும். அறைக்கு ஏசி தேவைதான், ஆனால் கம்ப்யூட்டருக்காக அதிகம் உழைக்காது.

பால்கனி துணி காயப்போடும் இடம் என்பதால் அம்மாவின் ஒப்புதல் வேண்டியிருந்தது. இங்கேதான் ஆய்வு எதிர்பாராத திசையில் போனது. 700 வாட் சூடு முழுக்க ஈரத்துக்கே போனால் மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கும். முழுக்கப் போகாது, பாதி போனாலும் நான்கு மணி நேரத்தில் இரண்டு லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் தொங்கியும் முடைநாற்றம் போகாத ஜீன்ஸுக்கு இது சாதாரண உதவியில்லை. “மழை நாள்ல தினம் ஓட்டுவியா?” என்று அம்மா கேட்டார். ஓட்டுவதாகப் பையன் சொன்னான். அடைமழை நாளில் மட்டும் விளையாட்டை ஒன்பது மணிக்கு நிறுத்தக் கூடாது, துணி காயும்வரை ஓட வேண்டும் என்ற நிபந்தனையோடு 360-க்குப் பதில் ஒன்பது ஃபேன் ரேடியேட்டருக்கு அனுமதி கிடைத்தது. அப்பா இன்னும் ஸ்கூட்டர் கணக்கிலேயே இருக்கிறார்.