முதலில் தண்ணீர், பிறகு நெருப்பு

கும்பகோணம் பக்கத்துக் கிராமத்து வீட்டில் எங்களுக்கு ஒரு செப்பு பாய்லர் இருந்தது. நடுவில் ஒரு குழாய். அதில் கொட்டாங்குச்சியும் தேங்காய் மட்டையும் போட்டு எரிப்பாள் பாட்டி. மேலே புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால், மூக்கு வழியாக ஒரு சொம்பு வெந்நீர் வரும். ஊற்றாதவனுக்கு ஒரு சொட்டும் கிடையாது.

அதற்கு வரும் கோளாறுகள் மூன்றே: மட்டை ஈரம், அடியில் சாம்பல், குழாயில் கரி. மூன்றையும் பாய்லரே புகைந்து சொல்லிவிடும். திண்ணையில் உட்கார்ந்தபடியே தாத்தா கண்டுபிடிப்பார்: "என்ன, பாய்லர் புகையுதே?" கண்டுபிடிப்பு அவருடையது, ஊதுகுழலும் கண்ணெரிச்சலும் பாட்டியுடையவை. குளித்து விபூதி பூசி வந்து, "ஒருவழியா சரி பண்ணியாச்சு" என்பார்.

பாட்டியிடம் சட்டம் ஒன்றுதான்: தண்ணீர் நிரப்பாமல் நெருப்பு வைக்கக்கூடாது. சித்தப்பா ஒருநாள் அவசரத்தில் வைத்தார். ஈயப் பற்று உருகிவிட்டது. பாத்திரக்காரர் வந்து பற்றவைக்கும் வரை வீடே பச்சைத் தண்ணீரில் நடுங்கியது.

இப்போது தாம்பரத்தில் அடுக்குமாடி. சுவரில் 15 லிட்டர் ஹீட்டர், 2,000 வாட். புகை இல்லை, கரி இல்லை, சத்தமும் இல்லை. மார்கழிக் காலையில் சுவிட்சைப் போட்டேன். வீடு முழுக்க இருட்டு. ஆர்.சி.சி.பி. விழுந்திருந்தது. தூக்கிவிட்டேன், மறுபடி விழுந்தது. மின்சாரம் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும் ரோஷக்காரன் அவன்.

பக்கத்து வீட்டு நண்பர் யோசனை சொன்னார்: "அதை பைபாஸ் பண்ணிடுங்க சார், தொல்லை விட்டுது." காவல் நாய் குரைக்கிறது என்று நாயை விற்கச் சொல்கிற யோசனை. குளிரில் அதுவும் ஒரு நிமிஷம் நியாயமாகத்தான் பட்டது.

நல்லவேளை, கைக்கு முன்னால் மூளை விழித்தது. ஹீட்டருக்கான எம்.சி.பி. சுவிட்சைக் கீழே தள்ளினேன். கையைத் துடைத்து, காய்ந்த ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு, 16 ஆம்பியர் பிளக்கைப் பிடுங்கினேன். பிறகு எல்லாவற்றையும் தூக்கிவிட்டால், ஒன்றும் விழவில்லை. ஆக, குற்றவாளி வயரிங் இல்லை, ஹீட்டர்தான். என் படிப்பு அதோடு முடிந்தது. மூடியைத் திறக்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன்.

வந்த எலக்ட்ரீஷியன் தம்பி மீட்டர் வைத்துப் பார்த்தார். காயிலின் இரண்டு முனைக்கும் நடுவே 26 ஓம்; 2,000 வாட்டுக்கு அது சரியான கணக்கு. ஆனால் ஒரு முனைக்கும் வெளி உலோகத்துக்கும் நடுவேயும் மீட்டர் முள் அசைந்தது. அசையவே கூடாத இடம் அது. தண்ணீரை வடித்துக் காயிலை உருவினால், இட்லி மாவில் முக்கி எடுத்ததுபோல் உப்பு. போர்வெல் தண்ணீரின் கைங்கரியம். உப்பு மூடிய காயில் உள்ளுக்குள் கொதித்துக் கொதித்து, உறை வெடித்திருந்தது.

புதுக் காயில் மாட்டினார். நான் சுவிட்சுக்குக் கை நீட்டினேன்.

"இருங்க சார். முதல்ல தண்ணி, அப்புறம்தான் கரண்ட். காலி டேங்க்ல போட்டா புதுக் காயிலும் போயிடும்."

வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்து, காற்றெல்லாம் புஸ்ஸென்று போய்த் தண்ணீர் ஒரே சீராகக் கொட்டிய பிறகே சுவிட்சைத் தொட விட்டார்.

போகும்போது ஹாலில் மணி பிளான்ட் சுமந்து நின்ற பாட்டியின் செப்பு பாய்லரைப் பார்த்தார். "ஷோ பீஸா சார்?"

"ஹீட்டர், தம்பி."

குனிந்து புனலுக்குள் எட்டிப் பார்த்தார். "பச்சைத் தண்ணி அடிக்குப் போகும், சூடு மேலால வரும். அட, நம்ம ஹீட்டரும் இதேதானே!"

சாயங்காலம் மனைவி குளியலறையிலிருந்து குரல் கொடுத்தாள்: "வெந்நீர் வருதே, யார் சரி பண்ணினது?"

"நான்தான்" என்றேன், சோபாவில் உட்கார்ந்தபடியே.