எல்லோருக்கும் மிராசுதார் தாத்தா

மீஞ்சூர்ப் பக்கம் பூர்வீகம் தேடுவோருக்குப் பழைய காகிதத்தில் பஞ்சமில்லை. சிட்டா, அடங்கல், 'அ' பதிவேடு. அதற்கும் முன்னால், 1767 தொடங்கி 1774 வரை செங்கல்பட்டு ஜாகீரில் பர்னார்டு துரை ஊர் ஊராக எடுத்த கணக்கு. ஏரி, மானியம், வீடு எல்லாம் அதில் உண்டு.

தேடிப் போன அத்தனை பேருக்கும் மிராசுதார் தாத்தாதான் கிடைக்கிறார். ஏர் ஓட்டிய படியாள் தாத்தா ஒருவருக்கும் அகப்படுவதில்லை. அப்படியானால் இத்தனை நிலத்தையும் உழுதது யார்? மாடுகளே பார்த்துக்கொண்டன போலும்.

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் படியாட்களின் நிலையை எழுதிய பிறகு, 1892இல் அவர்களுக்கும் நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அதுதான் பஞ்சமி நிலம். அதற்கு மட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிடாதீர்கள். அங்கேயும் ஒரு மிராசுதார் தாத்தா முளைப்பார்.